தாய்மாமன் உட்கார்ந்த இடம்

1

நோய் வருவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சமாதானம் சொல்வதாக ஆகிவிடும்.

நாடுகள் என்று ஊர்த் தொகுதிகளாகப் பிரிந்த எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில் பிறந்தவன். மலையிறங்கிச் சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பையும், நாமக்கல்லில் வேதியியல் பட்டப் படிப்பையும் முடித்தேன். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, பிரிவுத் தலைவனாக ஓய்வு பெற்றேன். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுத்ததில்லை. மது அருந்தியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைக்கு வந்தேன். வரும்போதெல்லாம் வரப்புத் தகராறு முதல் வரன் விசாரணை வரை என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் ஒன்றைச் சொன்னால் அது சொன்னபடி இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதில் நான் கவனமாக இருந்தேன். தேவைக்கு மேல் கவனமாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கொரோனாவின் முதல் ஆண்டில், மலையில் பிறந்து படித்தவர்கள் வெளியிடும் இதே ஆண்டு மலரில், நான் ஒரு கட்டுரை எழுதினேன். சாமையும் தினையும் தின்று, ஏற்ற இறக்கத்தில் நடந்து வளர்ந்த நுரையீரலை இந்த நோய் ஒன்றும் செய்யாது என்றும், ஒழுங்கில்லாதவர்களையே அது பிடிக்கும் என்றும் அதில் எழுதியிருந்தேன். பலர் பாராட்டினார்கள். கட்டுரையைச் சட்டமிட்டு ஒரு பள்ளியில் மாட்டியதாகவும் கேள்விப்பட்டேன். மாட்டியிருந்தால் கழற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த ஆண்டு என் தங்கை பாவாயியின் கணவர் சடையன் அதே நோயில் இறந்தார். மிளகுக் கொடி தவிர வேறு எதையும் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். விமானங்கள் ஓடவில்லை; என்னால் வர முடியவில்லை. தொலைபேசியில் துக்கம் விசாரித்தபோது, "முகத்தை மூடாமல் சந்தை சந்தையாகத் திரிந்தால் இப்படித்தான் ஆகும்" என்று தங்கையிடம் சொன்னேன். "ஆமாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

2

சடையன் இறந்து ஓராண்டுக்குள் எனக்கும் வந்தது. மருத்துவமனையில் பதினொரு நாள். அதில் நான்கு நாள் மூக்கில் குழாயோடு, குப்புறப் படுக்கவைக்கப்பட்டிருந்தேன். என் மனைவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் குமரன் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைப்பான். ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். தங்கையிடம் இந்நாட்டின் தென் தீவுக்குச் சுற்றுலா போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அவன் அப்படியே சொன்னான். பிற்பாடு அவள், "கடலெல்லாம் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

வீடு திரும்பிய பிறகுதான் நோய் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. காய்ச்சல் போய்விட்டது, மற்றவை தங்கிவிட்டன. மாடிப்படியின் நடுவில் மார்பு படபடக்கும். குளித்துவிட்டு வந்தால் கால்கள் பிழிந்து போட்ட துணிபோல் கிடக்கும். காபி வெந்நீராகிவிட்டது, மணம் என்பதே இல்லை. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. ஒரு நாள் சமையலறையில் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் பெயர் வரவில்லை. தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. இருபத்தாறு ஆண்டு மண்ணைச் சலித்தவன் நான்.

மருத்துவர் நல்லவர். எக்ஸ்ரே சுத்தம், ரத்தம் சரி என்றார். மருத்துவமனையில் படுத்து எழுந்த பலருக்கு இவை மாதக் கணக்கில் நீடிக்கின்றன, சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கின்றன, எப்போது தீரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இத்தகையவர்களுக்கென்று தனிப் பிரிவு இருப்பதாகவும், காத்திருப்போர் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாகவும் சொன்னார். ஆறு மாதம் கழித்து அங்கிருந்து எட்டுப் பக்கப் படிவம் வந்தது.

அதில் ஒரு கேள்வி: ஓய்வெடுக்காமல் எத்தனை மாடி ஏற முடிகிறது? உண்மையான விடை, ஒன்றில் பாதி. என் கையெழுத்தில் அப்படி ஒரு வாக்கியத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. "வேண்டிய அளவு" என்று எழுதினேன். பெயர்கள் மறக்கின்றனவா? "இல்லை." பிறர் உதவி தேவையா? "இல்லை." மூன்று வாரத்தில் பதில் வந்தது. தாங்கள் அளித்த தகவல்களின்படி தங்களுக்கு எங்கள் சேவை தேவைப்படவில்லை. தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. நலம் பெற்றமைக்கு வாழ்த்துகள். வாழ்த்துகளை அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்.

3

சென்ற ஆண்டு வைகாசியில் பாவாயியின் ஒரே மகள் கவிதாவுக்குத் திருமணம். கவிதா நாமக்கல்லில் நர்சிங் படித்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தவள். மாப்பிள்ளை முருகேசன் திருப்புலி நாட்டில் மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறான். அமைதியான பையன். வரனை விசாரித்து, சரி என்று முதலில் சொன்னவனே நான்தான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வகையறாவில் பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அழைத்துச் செல்லும்போது, தேங்காய் பழத் தட்டை ஏந்தித் தாய்மாமன் முன்னால் நடக்க வேண்டும். வேன் எவ்வளவு தூரம் போனாலும் கடைசி ஏற்றத்தை நடந்துதான் ஏற வேண்டும். வழியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தாய்மாமன் மட்டும் உட்காரக் கூடாது. அவர் உட்கார்ந்தால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: இந்தச் சம்பந்தத்தில் அவருக்குச் சம்மதமில்லை. மாப்பிள்ளை வீட்டார் இறங்கிவந்து குறை கேட்டு, அதைத் தீர்த்து, புதுத் துண்டு போர்த்திய பிறகே அவர் எழுவார். அதுவரை பெண் நகரக் கூடாது. என் தாயின் திருமணத்தில் அவருடைய மாமன் ஓர் எருதுக்காக அரை நாள் உட்கார்ந்தாராம். எருது வந்தது, எழுந்தார்.

இறந்த தகப்பனுக்கும் சேர்த்து நான் நடக்க வேண்டிய நடை அது. முதல் நாள் பாவாயி என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இளைச்சிருக்கீங்க. வெயிலுங்க வேற. பெரியப்பன் மவன் நடக்கட்டுமுங்களா? அவுரும் தாய்மாமன் முறைதானுங்க" என்றாள்.

"நான் உயிரோடு இருக்கும்போது எதற்கு இன்னொருவன்?" என்றேன்.

"சரீங்க, சரீங்க. கோவிச்சுக்காதீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

வேனில் பின்னிருக்கையில் யாரோ பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள். "மணம் தூக்குதுல்ல மாமா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். தூக்குகிறது என்றேன். எனக்கு டீசல்கூட மணக்கவில்லை.

4

வேன் நின்ற இடத்திலிருந்து ஊர் வரை அரை மணி ஏற்றம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டை ஏந்தி நடந்தேன். எனக்குப் பின்னால் மேளம், அதன் பின்னால் கவிதா, அவளுக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர். முதல் திருப்பம் வரை நன்றாகவே நடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. மூன்றாவது திருப்பத்தில் மார்புக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. பாதை வெள்ளையாகத் தெரிந்தது. வழியோரம் ஒரு பாறை இருந்தது. தட்டைக் கீழே விடக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தேன்.

மேளம் நின்றது.

"அட, மாமன் உக்காந்துட்டாருடி!" என்று ஒரு கிழவி கத்தினாள். "இனி ஒரு எருதாச்சும் புடிச்சுட்டு வராம எந்திரிக்க மாட்டாரு."

"எருது எதுக்குங்க ஆத்தா? பாரின் மாமன். ஏரோப்பிளேன்தான் கேப்பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். சிலர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருவருக்கும் பதட்டமில்லை. ஒரு தலைமுறையாகக் காணாத வேடிக்கை கிடைத்த மகிழ்ச்சி.

கவிதா மாலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தாள். தட்டைப் பிடிப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதடு எண்ணுவதைப் பார்த்தேன்.

"மாமா, மூச்சு வாங்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நாடி வேகமா ஓடுதுங்க. விரலெல்லாம் சில்லுனு கெடக்கு. இப்பிடியே முன்னால சாஞ்சு உக்காருங்க. உங்களுக்குக் கொரோனா வந்துச்சுங்களா?"

தட்டை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்லிப்போடறேனுங்க மாமா. ஒடம்பு சரியில்லீன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"வாயை மூடு" என்றேன்.

கல்யாணப் பெண்ணிடம், கழுத்தில் மாலையோடு நின்றவளிடம், அவள் பிறந்ததிலிருந்து நான் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் நின்றாள்.

மேலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா கறுப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். "ஏனுங்க சம்பந்தி, என்ன கொறைங்க? வாய் தொறந்து சொல்லுங்க. செஞ்சு போடலாம். வெய்யில்ல புள்ள நிக்குது பாருங்க."

குறை எதுவும் இல்லை. ஆனால் எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு வேண்டியது நேரம். கால் மணி நேரம் கிடைத்தால் மூச்சு திரும்பும் என்று மாடிப்படி எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. நேரம் கிடைக்க ஒரு குறை தேவைப்பட்டது. ஒன்றிரண்டு சொல்லில் அடங்கும் குறையாகத் தேடினேன்; அதற்கு மேல் பேச மூச்சில்லை.

"மாப்பிள்ளை" என்றேன். "வரட்டும்."

கறுப்பண்ணனின் முகம் மாறியது. பெண் வீடேறும்வரை மாப்பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது என்பதும் வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. "மாப்பிள்ளையா? அப்பிடி ஒரு மொறையே இல்லீங்களே" என்றார். நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். இமைக்கக்கூட முடியாத நிலை அது.

முருகேசன் இறங்கி வந்தான். கூடவே அவன் தாய், அழாத குறையாக. முருகேசன் குனிந்து என் காலைத் தொட்டான். புதுத் துண்டை என் தோளில் போர்த்தினார்கள்.

"இப்பத் திருப்திங்களா சம்பந்தி?" என்று கறுப்பண்ணன் கேட்டார்.

தலையசைத்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது அந்தத் தலையசைப்புத்தான். அதற்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. பிறகு எழுந்து நடந்தேன். ஊர் போய்ச் சேரும்வரை மெதுவாக நடந்தேன். அதையும் கம்பீரம் என்றுதான் சொன்னார்களாம்.

5

இங்கே இப்போது குளிர் தொடங்குகிறது. காலையில் புல்லில் உறைபனி. நான் தெருமுனை அஞ்சல் பெட்டி வரை நடந்து, அங்கே உள்ள மரப்பலகையில் உட்கார்ந்து, திரும்பிவருகிறேன். அந்தப் பலகையில் நான் உட்கார்ந்தால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த வசதிகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஒருவன் எங்கே உட்கார்ந்தாலும் அதற்குப் பொருளில்லை என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

சென்ற வாரம் பாவாயி அழைத்தாள். அங்கே விடிந்த நேரம். எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். மழை பெய்ததைச் சொன்னாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, கவிதாளுக்கு ஏழு மாசமுங்க."

"தெரியும். சந்தோஷம்."

"வளையல் போடோணும். அவ மாமியா ஒத்துக்கலீங்க. 'தாய்மாமன் நடுவழில உக்காந்து மறிச்ச பொண்ணு. என்ற பையனைக் கீழ வரவெச்சு, கால்ல உழுவெச்சாரு. அந்த மாமன் என்ன கொறைன்னு தன் வாயால சொல்லட்டும், அப்பறம் வளையலப் பாக்கலாம்'ங்கறாங்க. வருசம் பூரா இதேதானுங்க. கொழம்புல உப்பு கூடிப்போனாக்கூட, 'மாமனே வேண்டாம்னு சொன்ன சம்பந்தம்'ங்கறாங்க."

"கவிதா என்ன சொல்கிறாள்?"

"அவ எதுவுமே சொல்றதில்லீங்க. கேட்டா, 'மாமா சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்'ங்கறா. உங்களுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு என்ற தலமேல கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டா. எனக்குத்தான் தாங்கலீங்க."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஏனுங்கண்ணா, நீங்க எதுக்கு உக்காந்தீங்க? ஒரு வருசமாக் கேக்கல. குமரனுக்குக் கேட்டுருந்தா நான் குடுத்துருக்க மாட்டனுங்களா? ஊரெல்லாம் அதத்தான் பேசுது. முறைப்பொண்ணு கெடைக்காத கோவம்னு. நானும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

என் தங்கையே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அழைக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மாலையில் குமரன் வந்தான். முப்பத்து நான்கு வயது. நான் இப்படிச் சொல்வது அவனுக்குப் பிடிக்காது: அவனுடைய தமிழ் வாரம் ஒருமுறை என்னைப் பார்க்க வரும் அளவுக்குத்தான் மிச்சமிருக்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

"ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்கப்பா. உடம்பு சரியில்லன்னு. இதுல என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியாது."

"எனக்கு ஊர் தெரியாதுதான். உங்களைத் தெரியும். நீங்க படுத்திருந்தப்போ நான்தான் ஒவ்வொரு நாளும் வெளிய நின்னேன். அத்தைகிட்ட நான்தான் பொய் சொன்னேன்." சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அந்த கிளினிக் ஃபார்ம்லயும் பொய்தானே எழுதினீங்க? லெட்டரும் ஃபார்ம் காப்பியும் எனக்கும் வந்துச்சு. எத்தனை மாடின்னு கேட்டதுக்கு வேண்டிய அளவாமே. நான் சிரிக்கலப்பா."

அவன் அதிகம் பேசுகிறவனல்ல. என் வீட்டில் கற்றுக்கொண்டது அது.

6

மறுநாள் பாவாயியை அழைத்துச் சொன்னேன். மருத்துவமனையைச் சொன்னேன். தென் தீவுக்கு நான் போனதே இல்லை என்று சொன்னேன். மூன்றாவது திருப்பத்தைச் சொன்னேன். இடையில் இரண்டு முறை வார்த்தை வராமல் நின்றேன், அவள் காத்திருந்தாள்.

முடித்தபோது அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"அப்ப உங்களுக்கும் வந்துச்சுங்களா?" என்றாள்.

"வந்தது."

"நீங்க மூடிட்டுத்தானே இருந்தீங்க? மொகத்த?"

"ஆமாம்."

"அப்பறம் அவரை மட்டும் ஏனுங்கண்ணா அப்பிடிச் சொன்னீங்க?"

தவறு என்று சொன்னேன். "செரீங்க" என்றாள். அந்தச் 'செரீங்க' மன்னிப்பா, பேச்சை முடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி அழைக்கவில்லை.

முருகேசனின் தாய் நான் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார். பதினேழு மணி நேரப் பயணத்துக்கு மருத்துவர் இப்போது அனுமதிக்கவில்லை. அந்தப் படிவத்தை மறுபடி வாங்கி, இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பியிருக்கிறேன். பட்டியலின் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் கறுப்பண்ணனிடம் பேசினேன். "அட ஏனுங்க சம்பந்தி, பொண்ணுக்காக இப்ப இப்பிடிச் சொல்றீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்தார். வாழ்நாள் முழுவதும் சொன்னபடி இருந்தவன் என்ற பெயர் இப்போது எனக்கே வினையாகிவிட்டது: நான் சொன்ன பொய்யை நம்புகிறார்கள், உண்மையை நம்ப மறுக்கிறார்கள்.

ஆகவே, ஒழுங்கில்லாதவர்களையே நோய் பிடிக்கும் என்று எழுதிய அதே ஆண்டு மலரில் இதை எழுதுகிறேன். திருப்புலி நாட்டில் அந்த வீட்டில் ஒருவர் இதை உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிப்பவர் கவிதாவாக இருக்க வேண்டாம். அவள் எனக்காக வாயை மூடியது போதும்.

சடையன் ஒழுங்கின்மையால் இறந்ததாக நான் சொன்னது தவறு. அவர் நோயால் இறந்தார்.

நான் குடித்திருந்ததாகச் சொல்கிறார்கள். குடிக்கவில்லை. கார் வசதி செய்யாததால் கோபித்துக்கொண்டேன் என்கிறார்கள். கோபிக்கவில்லை. கவிதாவை என் மகனுக்குக் கேட்டேன் என்கிறார்கள். யாரிடமும், எப்போதும் கேட்கவில்லை. முருகேசனிடம் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. அவனைக் கீழே வரச் சொன்னது என் மூச்சுக்காக. துண்டு போர்த்திய பிறகுதான் நான் எழுந்தேன் என்றும், ஆகவே குறை இருந்தது உண்மை என்றும் சொல்கிறார்கள். துண்டுக்காக எழவில்லை. மூச்சு திரும்பியது, எழுந்தேன்.